எந்தக் கோர் வழிவிடுவது?

அந்த சிப் கம்பெனியில் எல்லோரும் குறைக்காரி என்று கூப்பிட்டது, யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை குறை சொல்லத் தெரியாத ஒரு பெண்ணை. அவள் பார்த்த வேலை அப்படி. மற்றவர்கள் சிப்பை வரைவார்கள். வரைந்தது தொழிற்சாலைக்குப் போவதற்கு முன்னால் அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது இவள். கண்டுபிடித்தால் வரைந்தவர்களுக்குக் கோபம் வரும், கண்டுபிடிக்காவிட்டால் மேலே இருப்பவர்களுக்குக் கோபம் வரும். இந்த இரண்டு கோபத்துக்கும் நடுவில் தலையைக் குனிந்து டீயைக் குடித்துவிட்டுப் போவதற்குத்தான் தனக்குச் சம்பளம் என்று அவள் புரிந்துவைத்திருந்தாள்.

அவள் கண்டுபிடித்த ஓட்டை இது. அந்தப் புது சிப்புக்குள் இரண்டு கோர்கள். கணக்குப் போடும் இரண்டு மூளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரே மெமரி, அதற்குள் போக ஒரே வாசல். இரண்டும் ஒரே கணத்தில் வாசலுக்கு வந்துவிட்டால், மோதிக்கொள்ளக் கூடாதே என்று இரண்டுமே ஒதுங்கி நின்று, கொஞ்சம் காத்திருந்து, மறுபடி வரும். ஒதுங்குவது நல்ல குணம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் இரண்டும் காத்திருக்கிற நேரம் ஒரே அளவு. அதனால் மறுபடியும் ஒன்றாகவே வரும், மறுபடியும் ஒன்றாகவே ஒதுங்கும். குறுகலான நடைவழியில் எதிரெதிரே வந்த இரண்டு பேர் ஒரே பக்கமாக விலகி விலகி அசடு வழிவார்களே, அந்தக் கதை. மனிதர்களாவது ஒரு கட்டத்தில் சிரித்துவிட்டு ஒருவர் போய்விடுவார். சிப்புக்குச் சிரிக்கத் தெரியாது. அது அப்படியே நின்றுவிடும்.

செல்போனில் நின்றால் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். இந்த சிப் போகப்போவது ஆஸ்பத்திரியில் நோயாளியின் கையில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றுகிற மெஷினுக்குள். முதல் தொகுப்பு மெஷின்கள் போவது குறைக்காரியின் அக்கா நர்ஸாக இருக்கும் தீவிர சிகிச்சை வார்டுக்கு.

"உன் சிப்பு போட்ட மெஷின்தான் எங்களுக்கு வருதாமே? வார்டு பூரா தண்டோரா போட்டுட்டேன்டி" என்று அக்கா போனில் சந்தோஷப்பட்டாள்.

"அக்கா, ஒரு வேளை... மெஷின் நடுவுல நின்னுபோனா என்ன செய்வீங்க?"

"அலாரம் அடிக்கும், ஓடுவோம். வேறென்ன?"

"அந்த அலாரத்தையும் அதே சிப்புதான்க்கா அடிக்கணும்."

அக்கா, "முன்னெல்லாம் பக்கத்துலயே நின்னு சொட்டை எண்ணுவோம். இப்ப மெஷின் எண்ணும்னு நம்பித்தான் அடுத்த படுக்கைக்குப் போறோம். விளையாடாதே, சரி பண்ணிடு" என்றாள்.

சரி செய்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஏதாவது ஒரு கோரை மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்கச் சொன்னால் போதும். எந்தக் கோர் என்பது கூட முக்கியமில்லை. ஒரே ஒரு எண்ணை மாற்றினால் தீர்ந்தது. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு குறைக்காரி ஒரு மீட்டிங் கேட்டாள். பாவம், அவளுக்குச் சிப் தெரிந்த அளவுக்குக் கம்பெனி தெரியாது.

கம்பெனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு கோரை வரைந்த அணி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தது, இன்னொரு கோரை வரைந்த அணி சுவர் ஓரமாக. ஆரம்பத்தில் இரண்டு அணிக்கும் நடுவில் ஒரு ஜெராக்ஸ் மெஷின் மட்டும்தான் இருந்தது. பிறகு கான்டீனில் ஒரு டிவி வைத்தார்கள்.

டிவியில் அந்தக் காலகட்டத்தில் இரண்டு விவாத நடத்துநர்கள் கொடிகட்டிப் பறந்தார்கள். ஒருவர் மேஜையை ஓங்கித் தட்டிக் கத்துகிறவர். ஊரெல்லாம் அவருக்கு மேஜைத்தட்டி என்று பெயர். ஒருநாள் பேச வந்த ஒரு பொருளாதார நிபுணரின் முகத்தில் நேரலையிலேயே தண்ணீரை ஊற்றிவிட்டார். இன்னொருவர் குரலை உயர்த்தவே மாட்டார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சிரித்துக்கொண்டே, "உங்கள் குடும்பமே திருட்டுக் குடும்பம் என்கிறார்களே? நான் கேட்கத்தானே செய்கிறேன்" என்பார். கேள்வி கேட்கப்பட்டவர் மறுநாள் வீட்டைக் காலி செய்துகொண்டு போவார். இவருக்குப் பெயர் புன்சிரிப்பு. ஊற்றியது சரியா, கேட்டது சரியா என்று நாடே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டபோது கம்பெனி மட்டும் தனியாக என்ன செய்யும்? ஜன்னல் ஓரம் மொத்தமும் மேஜைத்தட்டியின் பக்கம் போயிற்று, சுவர் ஓரம் மொத்தமும் புன்சிரிப்பின் பக்கம். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. பக்கத்து நாற்காலிக்காரன் சொல்வதை நாள் முழுக்கக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

அந்தச் சண்டையில் ஒரு கீபோர்டு இரண்டாக உடைந்த அன்று கம்பெனி விழித்துக்கொண்டு சமநிலைத் துறை என்று ஒன்றைத் தொடங்கியது. அதற்கு வந்த சமநிலை அதிகாரி யார் மனமும் நோகாமல் பேசுவதற்கென்றே வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்தவர். அவர் முதல் வேலையாக கான்டீனில் இரண்டாவது டிவி வைத்தார். இரண்டு டிவியும் இரண்டு நிகழ்ச்சியை ஒரே சத்தத்தில் ஒரே நேரத்தில் போட்டதால் ஒன்றும் காதில் விழவில்லை. இதை அவர் பெரிய வெற்றியாக அறிவித்தார். அடுத்து, கோர்களுக்கு அதுவரை இருந்த சுழியம், ஒன்று என்ற பெயர்களை ஒழித்தார். தங்கள் கோரை சுழியம் என்று அழைப்பது அவமானம் என்று ஜன்னல்காரர்கள் மனு கொடுத்திருந்தார்கள். இனிமேல் ஜன்னல் கோர், சுவர்க் கோர். அப்படியென்றால் எங்களுக்கு ஜன்னல் எங்கே என்று சுவர்க்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதிகாரி யோசித்து, ஜன்னலைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் நம் குறைக்காரி, படத்தைத் திரையில் போட்டு ஓட்டையை விளக்கிவிட்டு, "ஒரு கோர் மட்டும் கொஞ்சம் கூடுதலா காத்திருந்தா போதும்" என்றாள்.

"எந்தக் கோர்?" என்றார் ஜன்னல் அணித் தலைவர்.

"எதுவா இருந்தாலும் சரி சார்."

"எதுவா இருந்தாலும்னா?"

"ரெண்டுல ஒண்ணு."

"அதான் கேக்கறேன், எந்த ஒண்ணு?"

படத்தில் முதலில் கண்ணில் பட்டது ஜன்னல் கோர். "சும்மா ஒரு பேச்சுக்கு ஜன்னல் கோர்னு வெச்சுக்குவோமே."

ஜன்னல் தலைவர் பேனாவை மூடினார். "ஒரு பேச்சுக்கு ஏன் எங்க கோர் உங்க வாயில வரணும்? நேத்து புன்சிரிப்பு என்ன பேசினான்? 'சிலர் பொறுத்திருக்கக் கத்துக்கணும், பொதுவா சொல்றேன்'னான். இன்னிக்கு நீங்க வந்து எங்க கோரைப் பொறுத்திருக்கச் சொல்றீங்க. இதெல்லாம் தானா நடக்குதுன்னு நான் நம்பணும்?"

"நான் அந்த நிகழ்ச்சியைப் பார்க்கலை சார்."

"பார்க்காதவங்க எந்தப் பக்கம்னு எங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான் சார். அப்ப சுவர்க் கோரே காத்திருக்கட்டும்."

சுவர் அணித் தலைவி சிரித்தாள். "தாராளமா. விட்டுக்கொடுக்கிறது எங்க ரத்தத்துல ஊறினது. ஆனா மூஞ்சியில தண்ணி ஊத்தறவனுக்கு விட்டுக்கொடுத்தா அதுக்குப் பேரு பெருந்தன்மை இல்லம்மா, பயந்தாங்கொள்ளித்தனம்."

"அவன் ஊத்தலை! கை தவறிடுச்சு!"

"கை தவறினா மேஜையிலதானே கொட்டும்? எப்படிங்க மூக்குக்கு நேரா போகும்?"

மிச்ச மீட்டிங் முழுவதும் அந்த டம்ளர் எந்தக் கோணத்தில் சாய்ந்தது என்பதைப் பற்றியே போயிற்று. ஒருவர் எழுந்து பலகையில் டம்ளரின் பாதையை வளைகோடு போட்டு, காற்றின் தடையைக்கூட விடாமல் கணக்கிட்டுக் காட்டினார். அந்த அறையில் அத்தனை கவனமான பொறியியலைக் குறைக்காரி அதற்கு முன் பார்த்ததில்லை. கடைசியில் சமநிலை அதிகாரி எழுந்தார்.

"ரெண்டு தரப்பும் மனம்விட்டுப் பேசினது எனக்கு ரொம்ப நிறைவா இருக்கு. நான் இந்தத் துறைக்கு வந்தப்போ இந்தக் கட்டடத்துல ஒரே ஒரு சண்டைதான் இருந்துச்சு. இன்னிக்குப் பாருங்க, ஒவ்வொரு மேஜைக்கும் சமமா பங்கு கிடைச்சிருக்கு. சிப்போட பிரச்சினையை அடுத்த வாரம் பார்ப்போம்."

அடுத்த வாரம் போனபோது அதிகாரி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு விதி இருக்கிறது என்றார். எந்தக் கருத்தையும் எதிர்க்கருத்து இல்லாமல் சபையில் வைக்கக் கூடாது.

"இது கருத்து இல்ல சார். சிப்பு நிக்குது."

"நிக்குதுங்கறது உங்க தரப்பு. நிக்கலைங்கறதுக்கு ஒருத்தர் வேணும்ல? உண்மைக்கு ஒரே பக்கம்தான்னு சொல்றது உண்மைக்கே செய்யற துரோகம்மா."

சிப் நிற்கவில்லை என்று சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. தெரியாத விஷயத்தில் பேசுவதற்கு எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் இதில் மேஜைத்தட்டியும் புன்சிரிப்பும் இன்னும் ஒன்றும் சொல்லாததால் எப்படிப் பேசுவது என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஆகவே எதிர்த்தரப்பையும் குறைக்காரியே பேசும்படி ஆயிற்று. முதலில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து சிப் நிற்கும் என்று பேச வேண்டும். பிறகு எழுந்து அந்த நாற்காலிக்குப் போய் நிற்காது என்று பேச வேண்டும். இரண்டுக்கும் சரிசமமான நேரம்.

அவள் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து பழகியவள் அல்ல. முதல் நாற்காலியில் இருந்தபடி வரைபடம், எண்கள், சிப் நின்ற சந்தர்ப்பங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். பாதிப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது நாற்காலிக்குப் போனதும் எண்களே இல்லாததால் வேறு வழியின்றிக் கொஞ்சம் உணர்ச்சியோடு பேசினாள். நம் உழைப்பின் மேல் நமக்கே நம்பிக்கை இல்லையா, எதற்கெடுத்தாலும் குறை சொல்பவர்கள் எதையாவது படைத்திருக்கிறார்களா என்று கேட்டாள். செல்போன்கள் கீழே இறங்கின. வாக்கெடுப்பில் அவள் அவளிடமே படுதோல்வி அடைந்தாள்.

"அந்தம்மா வந்து உக்காந்து புட்டுப்புட்டு வெச்சாங்க பாருங்க" என்றார் ஜன்னல் தலைவர், அவளிடமே. "உங்க தரப்புல பேசினவங்கதான் கொஞ்சம் இழுத்துட்டாங்க."

சுவர்த் தலைவியும் அதையே சொன்னாள். இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அந்த ஆண்டில் அதுதான் முதல் தடவை.

குறைக்காரி வீட்டுக்குப் போய் அழுதாள். அழுதுவிட்டு, மறுநாள் மருந்து ஏற்றும் மெஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து மீட்டிங் மேஜையில் வைத்தாள். குப்பியில் மருந்துக்குப் பதில் வெறும் தண்ணீர். குழாயின் நுனியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். தொழிற்சாலைக்குப் போகும் முன் சோதித்துப் பார்ப்பதற்கென்று வைத்திருந்த, புது சிப்பின் மாதிரியை உள்ளே பொருத்தி ஓடவிட்டாள். சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றது. அலாரம் அடிக்கவில்லை. மெஷினின் முகப்பில் பச்சை விளக்கு, எல்லாம் நலம் என்று எரிந்துகொண்டேயிருந்தது.

குறைக்காரிக்கு மனசுக்குள் நிம்மதி பிறந்தது. அப்பாடா, கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

"முதல்ல நின்னது எந்தக் கோர்?" என்றார் ஜன்னல் தலைவர்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் நின்னுச்சு சார்."

"வாய்ப்பே இல்ல. அவங்களோடது நின்னுருக்கும். எங்களோடது மரியாதைக்கு நின்னுருக்கும்."

"எங்க கோர் நிக்கலைங்க" என்றாள் சுவர்த் தலைவி. "யோசிக்குது. எல்லாரும் மேஜையைத் தட்டிக்கிட்டே வேலை பார்க்க முடியுமா?"

அதிகாரி நடந்ததைக் குறிப்பெடுத்தார். 'பரிசோதனையின்போது மெஷின் எந்தத் தரப்பையும் சாராமல் நடந்துகொண்டது' என்று எழுதிவிட்டு அதை வாசித்தும் காட்டினார். இரு தரப்பும் கை தட்டியது. மெஷின் பச்சை விளக்குடன் அப்படியே உட்கார்ந்திருந்தது.

அன்று மாலைக்குள் விஷயம் வெளியே கசிந்துவிட்டது. இரவுச் செய்தியில் இரண்டு நடத்துநர்களும் அதையே கையில் எடுத்தார்கள். கோர் என்றால் என்னவென்று இருவருக்கும் தெரியாது. அது ஒரு குறையாகவும் அவர்களுக்குப் படவில்லை. 'விட்டுக்கொடுக்கும் கோர் நமக்கு வேண்டுமா?' என்று மேஜைத்தட்டி மேஜை அதிரக் கேட்டார். அவருக்கு எதிரே ஓய்வுபெற்ற ஒரு தளபதியும், ஒரு சமையல் கலைஞரும், கோபமாக இருப்பதற்காகவே அழைக்கப்படும் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம் புன்சிரிப்பு தலையைச் சாய்த்து, 'வழிவிட மறுக்கும் கோரைத் தூண்டிவிடுவது யார்? கேட்கத்தானே செய்கிறேன்' என்றார். கம்பெனியின் முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பணம் கொடுத்தால்கூடக் கிடைக்காத விளம்பரம். இரண்டு பேரையும் கம்பெனிக்கே வரவழைத்து, அவர்கள் முன்னிலையில் முடிவெடுப்போம் என்று உத்தரவு போட்டார்.

வந்தார்கள். ஒரே காரில் வந்தார்கள். இருவருக்கும் வீடு ஒரே பக்கமாம், பெட்ரோல் வீணாக வேண்டாமே என்று ஒன்றாகவே வருவார்களாம். காரிலிருந்து இறங்கும்போது ஒருவர் இன்னொருவரிடம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இதை ஜன்னல்காரர்களும் சுவர்க்காரர்களும் மாடியிலிருந்து பார்த்தார்கள். எதிராளியையும் மதிக்கிற பண்பு எங்காளுக்குத்தான் உண்டு என்று இரு தரப்பும் தனித்தனியாகப் பெருமைப்பட்டுக்கொண்டது.

மீட்டிங் அறையின் வாசல் குறுகலானது. இருவரும் ஒரே கணத்தில் வாசலுக்கு வந்து, ஒரே கணத்தில் நின்றார்கள்.

"நீங்க போங்க."

"சேச்சே, நீங்க போங்க."

இருவரும் பின்வாங்கினார்கள். இருவரும் முன்வந்தார்கள். சுற்றிலும் கேமரா இருந்ததால் முதலில் நுழைந்து அநாகரிகமானவர் என்று பெயரெடுக்க இருவருக்குமே மனமில்லை. மறுபடி பின்வாங்கினார்கள், மறுபடி முன்வந்தார்கள். குறைக்காரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று.

"பாருங்க! இதான்! இதேதான் சிப்புக்குள்ள நடக்குது!" என்று கத்தியேவிட்டாள். "ஒருத்தர் ஒரு நிமிஷம் கூடுதலா நின்னா ரெண்டு பேருமே உள்ள வந்துடலாம். யார் நிக்கறாங்கங்கறது முக்கியமே இல்ல!"

அத்தனை பேரும் வாசலைப் பார்த்தார்கள். சமநிலை அதிகாரியின் முகம் மலர்ந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. ஆட்களைக் கூப்பிட்டு, அந்த வார முடிவுக்குள் வாசலை இடித்து இரு மடங்கு அகலமாக்கச் சொன்னார். அதுவரை இரண்டு விருந்தினர்களையும் பக்கவாட்டில் திரும்பி, தோளோடு தோள் உரசிக்கொண்டு ஒன்றாக நுழைய வைத்தார்கள்.

"சிப்புக்கும் அப்படியே வாசலைப் பெருசாக்கிடுங்களேன்" என்றார் முதலாளி.

அதற்குச் சிப்பையே முதலிலிருந்து வரைய வேண்டும், இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்று குறைக்காரி சொன்னதும் முதலாளியின் முகம் சுருங்கியது. டிசைன் தொழிற்சாலைக்குப் போக வேண்டிய நாள் மறுநாள்தான். அவள் அவசரமாக, "இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் சிப்பே நாணயம் சுண்டிப் பார்க்கற மாதிரி செஞ்சுடலாம் சார். ஒரு தடவை இது நிக்கும், ஒரு தடவை அது நிக்கும்" என்றாள்.

"நாணயமா?" ஜன்னல் தலைவர் எழுந்துவிட்டார். "கான்டீன் ரிமோட்டுக்கு நாணயம் சுண்டினப்போ என்ன ஆச்சுன்னு மறந்துட்டீங்களா? அந்த நாணயம் யார் பையிலேருந்து வந்துச்சு?"

மேஜைத்தட்டி அதற்குள் மேஜையைத் தட்டிவிட்டார். "நோயாளியோட உயிரைச் சூதாட்டத்துல வைக்கச் சொல்றாங்க இந்தம்மா! நாடு இதை மன்னிக்காது!"

புன்சிரிப்பு குறைக்காரியின் பக்கம் மெதுவாகத் திரும்பினார். தலை சாய்ந்தது. "குறையை நீங்களே உள்ளே வைத்துவிட்டு நீங்களே கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்களே? கேட்கத்தானே செய்கிறேன்."

யார் சொல்கிறார்கள் என்று அவள் கேட்பதற்குள் அவர் அடுத்த பக்கம் திரும்பிவிட்டார். அவள் முகம் சூடாகியது. சுவர் ஓரத்திலிருந்து சிலர் அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

பிறகு பேச்சு தண்ணீர் டம்ளருக்குப் போய், அங்கிருந்து பள்ளிக்கூடங்களுக்குப் போய், நாட்டின் பழம்பெருமைக்குப் போய், சாப்பாட்டு நேரத்தில் முடிந்தது. பசி வந்த பிறகு அதிகாரி தீர்மானத்தை வாசித்தார்.

"இரு தரப்பின் உணர்வுகளையும் மதித்து, ஜன்னல் கோரும் சுவர்க் கோரும் இனி முன்பைவிடக் கூடுதலாகக் காத்திருக்கும் என்று இந்தச் சபை ஒருமனதாக முடிவு செய்கிறது." தாளை மடித்துவிட்டுத் தன் பேச்சில் தொடர்ந்தார். "எந்தக் கோரும் தோக்கலை, எந்தக் கோரும் ஜெயிக்கலை. எல்லாரும் கூடுதலா காத்திருக்கப் போறோம். நம்ம கம்பெனியோட அடையாளமே அதுதானே?"

கைதட்டல் அடங்க நேரம் ஆனது. முதலாளி இரண்டு நடத்துநர்களுக்கும் பொன்னாடை போர்த்தினார். இரண்டு ஆடையும் ஒரே நீளம்தானா என்று அதிகாரி முன்கூட்டியே அளந்துவைத்திருந்தார்.

குறைக்காரி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். இரண்டும் கூடுதலாகக் காத்திருந்தால் என்ன ஆகும்? ஒன்றாக வந்து, ஒன்றாக ஒதுங்கி, முன்பைவிட மெதுவாக நின்றுபோகும். அவ்வளவுதான் வித்தியாசம். அக்காவின் வார்டில் யாரோ ஒருவர் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அக்கா அடுத்த படுக்கைக்குப் போயிருப்பாள். நினைக்க நினைக்க அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை படித்தவர்கள், இத்தனை மீட்டிங், ஒருத்தருக்குக்கூட அந்தப் படுக்கை ஞாபகத்துக்கு வரவில்லையே.

போன் அடித்தது. அக்காதான்.

"டிவியில உங்க கம்பெனியைக் காட்டினாங்க. முடிவாயிடுச்சாமே? சரி பண்ணிட்டீங்கதானே?"

"இரு அக்கா, ஒரு நிமிஷம்."

தீர்மானத்தை இன்னொரு தடவை படித்தாள். கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு கூடுதலாக என்று அதில் இல்லை. ஏன் இல்லை என்றால், இத்தனை நாள் நடந்த இத்தனை விவாதத்தில் அந்த எண் என்ன என்று ஒருவரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எண்ணைப் போடுவது யார் வேலை என்றும் அதில் இல்லை. கடைசியாக டிசைனைச் சரிபார்த்து தொழிற்சாலைக்கு அனுப்புகிறவள் போட வேண்டியதுதான். ஒரு கோருக்குக் கொஞ்சம் கூடுதல், இன்னொன்றுக்கு நிறையக் கூடுதல். இரண்டுமே கூடுதல்தானே? தீர்மானத்தை ஒரு எழுத்துகூட மீறவில்லை.

"ஆயிடும்க்கா. நிக்காது. நீ நம்பி அடுத்த படுக்கைக்குப் போகலாம்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

திரையில், கூடுதலாகக் காத்திருக்க வேண்டிய அளவை எழுத இரண்டு கட்டங்கள் இருந்தன. மேலே ஜன்னல் கோர், கீழே சுவர்க் கோர். இரண்டும் காலி. ஒன்றில் மூன்று, ஒன்றில் ஏழு போட்டால் போதும். எதில் எது என்பது முக்கியமே இல்லை. இதைத்தானே வந்தவர் போனவரிடமெல்லாம் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தாள்? கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் சிப் ஓடும்.

ஆனால் அவள் கண்ணை மூடவில்லை. விரல் மேல் கட்டத்தில் மூன்றைத் தட்டிவிட்டுக் கீழே இறங்கியது. சுவர்க் கோரின் கட்டத்தில் ஏழு என்று போட்டாள். போட்டபோது உள்ளுக்குள் இனித்தது. அந்தச் சாய்ந்த தலையும் அந்தச் சிரிப்பும் கண்முன் வந்தன. ஒன்பதாக்கினாலும் தவறில்லை என்று தோன்றியது. அழித்துவிட்டு ஒன்பதாக்கினாள்.

சோதனையை ஓடவிட்டாள். பக்கத்தில் இருந்த மெஷினில் தண்ணீர் சொட்டத் தொடங்கி, சொட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு கோர்களும் வாசலுக்கு ஒன்றாக வந்த ஒவ்வொரு தடவையும் ஜன்னல் கோர் முதலில் உள்ளே போயிற்று, சுவர்க் கோர் வெளியே நின்றது.

"நில்லுடா" என்றாள் குறைக்காரி, பல்லைக் கடித்துக்கொண்டு. "நல்லா நில்லு. கேட்கத்தானே செய்யறே நீ?"

சொல்லிவிட்டுச் சட்டென்று திரும்பி, யாராவது கேட்டுவிட்டார்களா என்று பார்த்தாள். ஜன்னல் ஓரத்திலிருந்து அணித் தலைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து, திரையில் மூன்றையும் ஒன்பதையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு, தன் அணிக்காரியின் பக்கத்தில் உட்காருவதுபோல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.